சாகினின் முறை

கொச்கோர் ஊர் பில்லியர்ட்ஸ் கூடத்தில் மாமித் அடித்த பந்து முப்பத்தொரு வருடம் நிற்காமல் உருண்டது. அவன் அதை அடித்தது ஆட்டுக் கம்பளி வெட்டி முடிந்த பருவத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. சந்தைக்குப் போகிற நடுவயதுக்காரர் நடக்கிற மாதிரி உருண்டது. மேசையின் நான்கு ஓரங்களிலும் மோதித் திரும்பியது. அது போக மேசையில் மீதமிருந்தது ஒரே ஒரு பந்து. அதை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் விரலிடை தள்ளிக் கடந்து போயிற்று. அந்த மீதப் பந்து நடுக்குழியின் வாயில் உட்கார்ந்திருந்தது. ஊதினால் விழும். அடுத்து அடிக்க வேண்டியவன் சாகின். ஆனால் உருளும் பந்து நிற்கும்வரை அடுத்தவன் அடிக்கக் கூடாது; அந்த மேசையைத் தொட்ட எல்லோருக்கும் தெரிந்த விதி அது.

சாகினும் மாமித்தும் இரட்டையர்கள். எங்கள் பக்கத்தில் இளைய மகனுக்குத்தான் வீடு; மூத்தவன் தன் பங்கு ஆடுகளோடு வெளியே போய்விட வேண்டும். இவர்களில் யார் முதலில் பிறந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை. தாய் மயங்கிக் கிடந்தாள். பிரசவம் பார்த்தவள் இரண்டையும் ஒரே போர்வையில் சுற்றிவிட்டு, பிரித்தபோது எது எது என்று தெரியாமல் விழித்தாள். அதனால் பேச்சு வந்த நாளிலிருந்தே இருவரும் ஒருவரையொருவர் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் மரியாதை ஒன்றும் இல்லை. நீதான் மூத்தவன், நீ கிளம்பு என்பதுதான் பொருள். சாகினைக் கட்டி வந்த புருலும் மாமித்தைக் கட்டி வந்த குலாயிமும் வந்த வாரமே விஷயத்தைப் புரிந்துகொண்டு ஒருத்தியை ஒருத்தி 'அக்கா' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்தபின், ஆட்டத்திலேயே தீர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தோற்றவன் அண்ணன். அவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு நாரின் பட்டணத்துக்குப் போய்விட வேண்டும்.

இருவருமே நல்ல ஆட்டக்காரர்கள். பட்டாளத்தில் இருந்தபோது சீத்தா ஊர் முகாமில், நுனித்தோல் இல்லாத கோல்களுக்குச் செருப்புத் தோலை ஒட்டி ஆடியவர்கள். ரிபாச்சியே துறைமுகத் தொழிலாளர் மன்றத்தில் மேசைத் துணியெல்லாம் மீன் வாடை. ஃப்ருன்ஸே பூங்காக் கூடத்தில் உடைந்த சன்னல் வழியாக வரும் காற்று பந்தை வளைக்கும். அங்கே காற்றையும் சேர்த்துக் குறி பார்க்க வேண்டும். எந்த ஊரிலும் சாகின் முதலில் பார்ப்பது கோலைத்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பான், மேசைமேல் உருட்டுவான், விரல்மேல் நிறுத்திக் கனம் பார்ப்பான். அந்த ஞாயிற்றுக்கிழமை கொச்கோர் கூடத்துச் சுவரில் நேரான கோல் ஒன்றுதான் இருந்தது. கூடத்தைப் பார்த்துக்கொண்ட ததார்க்காரர் ரினாத் காசைச் சுண்டினார். கோல் மாமித்துக்குப் போயிற்று. மற்றதையெல்லாம் சாகின் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தான். எல்லாம் நொண்டிக் கோழி போலத் தத்தித் தத்திப் போயின. அதில் குறைவாக நொண்டியதை எடுத்துக்கொண்டு, எட்டுப் பந்து போட்டவன் ஜெயித்தான் என்ற ஆட்டத்தை ஏழுக்கு ஏழு வரை இழுத்துக்கொண்டு வந்தான். எட்டாவது பந்துக்கு மாமித் அடித்தான், தவறவிட்டான். சாகின் கோல் நுனியில் நீலச் சுண்ணத்தைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தான்.

"பந்து நிக்கட்டும்," என்றார் ரினாத்.

தேநீர் வந்தது, குடித்தார்கள். இன்னொரு முறையும் வந்தது. சாயங்காலம் இருவரும் ஒரே வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். இன்னும் யாரும் அண்ணனாகவில்லையே.

அந்த வருடமே நாரினிலிருந்து கட்சிக் குழு ஒன்று வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேசை நான்கு பக்கமும் சரிந்திருக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிற்று. பிறகு கட்சி போயிற்று, நாட்டின் பெயர் மாறிற்று, ரூபிள் போய்ச் சோம் வந்தது, கூட்டுப்பண்ணை ஆடுகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பந்து உருண்டது. ரினாத் சம்பளம் நின்ற பிறகும் வந்து உட்கார்ந்து, தொட்டவன் தோற்றவன் என்று எல்லோருக்கும் ஞாபகப்படுத்தினார். சாகின் தினமும் வேலை முடிந்து வந்து கோலோடு நின்றான். ஊதினால் விழுகிற பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் அவனுக்குப் பல் கூசிற்று, தூக்கம் கெட்டது, தலைமுடி ஒரு பக்கம் மட்டும் நரைத்தது. தன் முறை வரும்போது கோல் கெடுத்துவிட்டது என்று மட்டும் ஆகக் கூடாது என்று முடிவெடுத்தான். லாரி ஓட்டப் போன ஊரிலெல்லாம் கோல் தேடினான். ஓஷில் எடுத்தது கொச்கோர் குளிரில் வில்லாக வளைந்தது. அல்மாத்தியில் எடுத்தது அடிப்பக்கம் கனத்துக் கையை இழுத்தது. தாஷ்கெண்டில் கிடைத்த கோலில் பழைய சொந்தக்காரரின் இருமல் இருந்தது. இரண்டு வாரம் இருமிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"என்ன அண்ணே, கோல் அமைஞ்சுதா?" என்பான் மாமித்.

"நீ அடிச்ச லட்சணத்துக்கு நான் நிக்கிறேன் அண்ணே. வாய மூடு."

வீடு பாழாயிற்று. தோற்றால் அடுத்தவனுக்குப் போகிற கூரையை எவன் செப்பனிடுவான்? மழைக்குச் சட்டி வைத்தார்கள். வேலி சாய்ந்தது, ஒரு மரம் நடவில்லை. "கோலப் புடிச்சு நின்ன நேரத்துக்கு நாலு கூரை போட்டிருக்கலாம்," என்று புருல் சொன்னாள். ஆனால் அவளும் தன் பங்குக்கு ஒரு ஆணி அடிக்கவில்லை. பிள்ளைகள் ஒழுகும் வீட்டிலேயே வளர்ந்து, ஒவ்வொருவராக மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனார்கள். பஸ் ஏறும்போது, "பந்து நின்னா போன் பண்ணுங்கப்பா," என்றார்கள்.

கூடத்தை வாங்கியவர் அங்கே மருந்துக்கடை வைக்க வேண்டும் என்றார். டிராக்டர் வண்டியில் மேசையை ஏற்றி, உருளும் பந்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டு ரினாத் வண்டியோடு நடந்தே வந்தார். மறுவாரம் கசானில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். மேசை நடு அறையை அடைத்துக்கொண்டது. முதல் மழையில் பச்சைத் துணிமேல் சொட்டு விழுந்தது. இரட்டையர் இருவரும் ஏணியை எடுத்துக் கூரைமேல் ஏறினார்கள். மேசை நனைந்தால் ஆட்டம் செல்லாது என்பதுதான் காரணம். ஊரில் வேறு காரணம் சொன்னவர்களிடம் இருவருமே சண்டைக்குப் போனார்கள். இறங்கும்போது மாமித்தின் முழங்கால் பிசகியது. அது பிறகு சரியாகவே இல்லை.

பந்து நின்றபோது சாகின் அங்கே இல்லை. முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். மேசையின் மர விளிம்பில் நூடுல்ஸ் மாவைத் துண்டு துண்டாகக் காயப்போட்டுக்கொண்டிருந்த புருல் சன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள். "ஏங்க, அது நின்னுடுச்சு."

சாகின் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். இத்தனை வருடம் தேடி, கழித்தது போக மூலையில் சாத்தியிருந்த கோல்களை ஒவ்வொன்றாக எடுத்து உருட்டினான். எல்லாம் நேராகப் போயின. அதுதான் தொல்லையாயிற்று. இதை எடுத்தால் அது உறுத்தியது, அதை எடுத்தால் இது. அடுப்பில் சூப் ஆறிவிட்டது.

"எதையாவது எடு அண்ணே," என்றான் மாமித், நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு. "நீ ஜெயிச்சா நான் நாரினுக்குப் போறேன். இந்தக் காலோட எப்படிப் போறதுன்னு அப்புறம் பாக்கலாம்."

சாகின் கடைசியில் ஒன்றை எடுத்தான், குனிந்தான், மெதுவாகத்தான் அடித்தான். நின்றிருந்த பந்து போய் மற்றதை இடித்து அங்கேயே ஓய்ந்தது. இடி வாங்கிய பந்து குழியின் இரண்டு தாடைகளிலும் மாறி மாறி முட்டி, வெளியே வந்து, மேசையைச் சுற்றி உருளத் தொடங்கியது. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. நான்கு பேரும் தேநீர் ஒரு சுற்று முடியும்வரை பார்த்தார்கள். அது நிற்கவில்லை.

சாகின் முற்றத்துக்குப் போய் வாளியை எட்டி உதைத்தான். அது உருண்டு கோழிக்கூட்டில் மோதிற்று. வாய்க்கு வந்த வசவையெல்லாம் மலையைப் பார்த்துச் சொல்லி முடித்துவிட்டு உள்ளே வந்தான்.

"இப்ப என் முறை," என்றான் மாமித். அந்த வீட்டைத் தவிர வேறு எங்கே போகச் சொன்னாலும் அழுதுவிடுவான் போல இருந்தது அவன் முகம். "ஆனா எங்கிட்ட கோல் இல்ல. கூடத்தோட அதும் போச்சு. நீ பாத்து ஒண்ணு குடு அண்ணே."

சாகின் அவனை முறைத்தான். பிறகு அவன் முழங்காலைப் பார்த்தான், தோளை விரலால் அளந்தான். மூலைக்குப் போய், நின்றுகொண்டு ஆட முடியாதவனுக்கு ஏற்ற மாதிரி, அடிப்பக்கம் இலேசான ஒரு கோலைத் தேடி எடுத்தான்.

"இத ஊன்றுகோலா மட்டும் ஆக்கிடாத," என்று சொல்லிக் கொடுத்தான்.

விளிம்பிலிருந்து ஒரு மாவுத் துண்டு துணிமேல் நழுவிக் கிடந்தது. பந்து கடந்து போகும்வரை காத்திருந்து, குலாயிம் அதை எடுத்து மறுபடி காயப்போட்டாள்.