டப்பா மூடியில் ஒட்டிய பொட்டு

பாரிஸில் மதாம் வொக்ளேர் வீட்டில் முப்பது வருஷமாக அவர் தலைமுடி வெளுப்பாகத் தெரிய வெள்ளைப் பவுடர் ஊதுகிறவன் நான். பீங்கான் விற்க வருகிற எவரையும் நம்பினதில்லை. அன்று காலை பீங்கான் பட்டறையில் சித்திரம் தீட்டுகிற பெரின் என்ற பெண், கன்னச்சாயம் வைக்கிற சின்னப் பீங்கான் டப்பாவோடு வந்து நின்றாள்.

"மதாம் இதை வாங்கலேன்னா முதலாளி என்னை மண்ணு பிசைய அனுப்பிடுவார், பெரியவரே."

"பிசையேன். யாரு வேணாங்குறது?" என்றேன். டப்பாவை வாங்கி அலங்கார மேஜையில் வைத்தேன்.

வழக்கம்போல மதாம் அலங்காரம் செய்துகொள்வதை விருந்தாளிகள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். மதாமின் கன்னத்தில் சாயம் ஏறியது, அதன்மேல் அழகுக்காக ஒட்டுகிற, கறுப்புப் பட்டுத்துணியில் வெட்டிய பொட்டு. பவுடர் முகத்தில் படாமலிருக்க அவர் காகிதக் கூம்பால் மூடிக்கொண்டதும் தலையில் ஊதினேன். பிறகு, உதிர்ந்து கிடக்கிற பொட்டுகளைப் பொறுக்குவதும் என் வேலைதான். பெரினின் டப்பா மூடியில் ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. எச்சில் தொட்டுச் சுரண்டினேன்.

"ஐயோ பெரியவரே, அது நான் வரைஞ்சது!" என்று பெரின் பதறினாள்.

விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"யாரையும் நம்பாத கிழவனையே ஏமாத்திட்டியேடி! டப்பா இங்கேயே இருக்கட்டும்," என்றார் மதாம்.

மூடியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். பட்டின் ஓரத்தில் பிரிந்து நிற்கிற ஒற்றை நூலைக்கூட வரைந்திருந்தாள். முப்பது வருஷம் பொட்டு பொறுக்கின கண் என்னுடையது.

"மண்ணு பிசையுற கையா இது? போய் உன் முதலாளிகிட்ட நான் இப்படிக் கேட்டேன்னு சொல்லு," என்றேன்.