எட்டரை நிமிடம்

வஹிதா அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் கணக்கு டீச்சருக்கு வாய் சும்மா இருக்குமா? போன வருடம் ரமலான் முடிந்த மூன்றாம் நாள், சாப்பிட உட்கார்ந்த தகப்பனாரிடம், அத்தாவிடம், போட்டு உடைத்துவிட்டாள்.

"சென்னைக்குன்னு அச்சடிச்ச நோன்பு அட்டையில போட்டிருக்கிற நேரத்தோட அஞ்சு நிமிசம் கூட்டிக்கிறீங்க. சென்னையத் தாண்டி நம்மூருக்கு வர சூரியனுக்கு எட்டரை நிமிசம் ஆகுதுங்க அத்தா."

அத்தா தஸ்தகீர் தர்மபுரிப் பள்ளிவாசல் ஒன்றில் தொழுகைக்கு அழைக்கும் மோதினாராக இருந்தார். அவர் பாங்கு சொன்னால்தான் அந்தத் தெருக்களில் நோன்பு திறப்பார்கள்; சூரியன் மறையும் முன் திறந்தால் அந்த நோன்பு செல்லாது. ஐந்து நிமிடம் கூட்டும் வழக்கம் அவருக்கு முன்னாலிருந்தே வருவது. அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பிறகு முப்பது நாள், யாரிடமும் சொல்லாமல், போன நோன்புகளைத் தனியாகத் திரும்பப் பிடித்தார். வஹிதாவுக்கு மட்டும் அது தெரியும். தெரிந்ததிலிருந்து அவளுக்கு மனசு ஆறவில்லை.

இந்த வருடம், எண்பத்தேழில், ரமலானுக்குப் பதினைந்து நாள் இருந்தபோது அவரே கேட்டார். "உறுதியாச் சொல்லு பாப்பா. அஞ்சா, எட்டரையா? தெரியாம இந்த வருசம் நான் பாங்கு சொல்ல மாட்டேன்."

பென்சிலால் போட்ட கணக்கை மட்டும் நம்பி உறுதி சொல்ல அவளுக்குத் துணிவில்லை. ஜித்தாவிலிருந்து அண்ணன் அனுப்பிய கம்ப்யூட்டர் இருந்தது. புத்தக அளவுப் பெட்டி. டிவியில் மாட்டினால் எழுத்து வரும். கூட வந்த புத்தகத்தைப் படித்தே அதற்குக் கட்டளை எழுதக் கற்றிருந்தாள். ஒவ்வொரு நாளும் சூரியன் எப்போது உச்சிக்கு வரும், அப்போது நிழல் எவ்வளவு, எப்போது மறையும் என்று விநாடி விநாடியாகத் தேடச் சொன்னாள். முதுகு ஒடியும் வேலைதான், பெட்டிக்கு.

முக்கால் மணி நேரம்கூட ஓடவில்லை. டிவி முழுக்கக் கோடு கோடாக வந்து நின்றுவிட்டது. எழுதியது எல்லாம் போச்சு. முன்பே கேசட்டில் பதிந்து வைத்திருந்ததை டேப் ரெக்கார்டரிலிருந்து மறுபடி ஏற்றினாள். மறுபடியும் கோடு.

ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் முனாப் மாமா வந்து பார்த்தார். "வோல்டேஜ்தான் வஹிதா. நல்லம்பள்ளிப் பக்கம் மோட்டாரப் போட்டா இங்க பல்பு அழுவுது" என்று ஸ்டெபிலைசர் கொண்டுவந்து மாட்டினார். அப்போதும் நின்றது. மாமா மூக்கைச் சொறிந்துகொண்டார். "உன் கணக்கு ரொம்பக் கஷ்டமாட்ட இருக்குது. சின்னப் பெட்டி, மூளை கலங்கிருச்சு."

வஹிதாவுக்குச் சுருக்கென்றது. சரி, கஷ்டமே இல்லாத கணக்கைக் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒன்று, இரண்டு, மூன்று என எண்ண மட்டும் சொன்னாள். அதுவும் நாற்பது நிமிடத்தில் செத்தது. உடனே மறுபடி போட்டாள்: எட்டு நிமிடம். இரண்டு மணி நேரம் அணைத்து வைத்துவிட்டுப் போட்டாள்: நாற்பது நிமிடம். கணக்கில் குற்றமில்லை, ஓய்வெடுத்தால் தெளிகிறது என்றால் வேறென்ன? பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தவள் "யம்மா" என்று உதறினாள். தோசைக்கல்தான்.

எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் புதுச் சாமான் எது வந்தாலும் முதலில் அதற்கு உடுப்பு தைப்பார்கள். டிவிக்குத் தைத்தது போலவே அம்மா ஜுபைதா இதற்கும் தைத்திருந்தாள்: சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் ஜரிகை, எழுத்துப் பொத்தான்களுக்கு மட்டும் திறப்பு. அடியில் பஞ்சு வைத்த மெத்தை வேறு. மூன்று நாளாக மரியாதையிலேயே வெந்துகொண்டிருந்தது பாவம்.

"மவன் அனுப்புனத இப்படி மொட்டையா வெக்கறதா?" என்று அம்மா அங்கலாய்த்தாள். வஹிதா வெல்வெட்டை உருவிப் போட்டுப் பெட்டியை இரண்டு தீப்பெட்டிகள் மேல் ஏற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டாள். மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியது. வரி வரியாக வந்ததை நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் திகைத்தாள்.

ஏப்ரல் 22. உச்சி, 12.16. நிழல், 0.

மறுபடியும் கெட்டுப்போச்சு என்றுதான் நினைத்தாள். அந்த நாளை மட்டும் திரும்பப் போட்டாள். பூஜ்யமே வந்தது. சூரியன் நேராகத் தலைக்கு மேல் நின்றால் நிழல் ஏது? வெயிலையே பார்த்தறியாத பெட்டி, சூரியன் வந்து நிற்கப்போகும் இடத்தைச் சொல்கிறது! அந்த நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

புதன்கிழமை முற்றத்தில் நாலடி இரும்புக் குழாயை நட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டு பிடித்து நேராக்கினாள். ரேடியோ செய்திக்குச் சரிவைத்த கடிகாரத்தோடு அத்தா பக்கத்தில் நின்றார்.

"பன்னெண்டு மணி பன்னெண்டரை நிமிசம்" என்றார். "சென்னை உச்சியோட அஞ்சு கூட்டுனா, பழைய வழக்கப்படி இப்ப உச்சி."

குழாயின் மேற்கே ஒரு விரல் அகலத்துக்கு நிழல் கிடந்தது. அவர் குனிந்து அதையே பார்த்தார். நிழல் மெல்லச் சுருங்கி, நூலாகி, குழாயின் காலடிக்குள் போய்விட்டது. பன்னிரண்டு பதினாறு. உச்சி மூன்றரை நிமிடம் தள்ளி வருகிறதென்றால், பொழுது மறைவதும் அதே அளவு தள்ளித்தான். முற்றமெங்கும் வெயில், குழாய் மட்டும் நிழலே இல்லாமல் நின்றது.

"சுப்ஹானல்லாஹ்" என்றார் தஸ்தகீர். வஹிதா அழுதுவிட்டாள். இத்தனை பெரிய ஒழுங்கு தினமும் தன் தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருந்ததை நினைக்க அவளுக்குத் தாங்கவில்லை.

"வெள்ளிக்கிழமை ஜமாஅத்துல எழுந்து சொல்லணும்" என்றார் அவர். "போன வருசம் முப்பது நாளும் பொழுது போறதுக்கு முன்னாடியே நோன்பு தொறக்க வெச்சிட்டேன், திரும்பப் புடிங்கன்னு."

"அந்த அஞ்சு நிமிசம் உங்களுக்கு முன்னாடியே இருந்ததுங்க அத்தா. உங்க மேல தப்பில்ல."

"பாங்கு சொன்ன தொண்டை என்னுதுதானே?" கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "நோட்டக் குடு பாப்பா. இந்த வருசமும் நான்தான் சொல்லுவேன்."