பெரிய எழுத்துக்காரர்கள்

அந்த மருந்துக் கம்பெனியில் யாரையும் வேலையை விட்டுத் துரத்துவது கிடையாது. அது நாகரிகமில்லை. சுற்றறிக்கையில் ஒருவருடைய பதவியின் முதலெழுத்தைப் பெரியதிலிருந்து சின்னதாக்கிவிடுவார்கள். ஆங்கிலத்தில் அந்த வசதி இருக்கிறது. மறுநாளே அவர் மேசைக்கு டீ வராது. வணக்கம் வைத்த கைகளுக்கெல்லாம் திடீரென்று வேலை வந்துவிடும். மானமுள்ளவர் தாமாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்.

சுற்றறிக்கை தயாரிப்பது நிர்வாக அதிகாரி. அவருக்குப் பெரிய எழுத்து. அதற்காக அவர் பிடித்த காக்காய்கள் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் போனை எடுத்தாலும் பதவியைச் சொல்லிவிட்டுத்தான் ஹலோ.

அன்று முதலாளி கூப்பிட்டார். "ஸ்டோர் மேனேஜருக்கு இனிமே சின்ன எழுத்து. என் மருமகன் படிச்சு முடிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கான்."

ஸ்டோர் மேனேஜர் அதிகாரியின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அதிகாரியை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரே அவர்தான். அவருக்குக் கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள். வேலை போனால் குடும்பம் நடுத்தெருவில்.

"சார், அவர் என்..."

"தெரியும். வீட்டு மனுஷன்னா நாசூக்கா செய்வீங்கல்ல? முடியலைன்னா சொல்லுங்க, உங்க எழுத்தையும் சேத்துப் பாத்துக்கலாம்."

அதிகாரி தன் இடத்துக்கு வந்து சுற்றறிக்கையைத் தட்டினார். பெரிய எழுத்துக்கான விசையை ஓரிடத்தில் அழுத்தாமல் விட்டார், அவ்வளவுதான். துரோகத்துக்கு அதைவிடக் குறைந்த உழைப்பு உலகத்தில் இல்லை.

மதியம் சாப்பாட்டு அறைக்கு மச்சான் சுற்றறிக்கைத் தாளோடு வந்தார். எல்லாத் தலைகளும் டிபன் பாக்ஸுக்குள் குனிந்தன.

"மாப்ளே, கை தவறிடுச்சா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ஆமாம் என்றால் திருத்திய சுற்றறிக்கை போட்டாக வேண்டும். மச்சான் பிழைத்துக்கொள்வார். அதிகாரியின் கதிதான் என்னவாகும் என்று தெரியாது.

அவர் தொண்டையைச் செருமினார். "அப்படியில்ல மச்சான். இலக்கணப்படி, பேருக்கு முன்னாடி வந்தாத்தான் பதவிக்குப் பெரிய எழுத்து. தனியா வந்தா சின்னதுதான்."

"அப்ப கீழ உங்க பதவி மட்டும் பெருசா நிக்குதே?"

"அது கையெழுத்துக்குக் கீழ வருது. அதுக்கு விதி வேற."

யாரோ ஒருவருக்குப் புரையேறியது. மச்சான் தாளை நான்காக மடித்தார்.

"உங்களுக்குச் சிபாரிசு பண்ணப்ப, இங்கிலீஷ் சுமாராத்தான் வரும்னு சொல்லிட்டேன் மாப்ளே. மன்னிச்சுக்கங்க."

சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் மனைவி பெட்டியோடு நின்றாள். "தப்புன்னு ஒத்துக்கிட்டிருந்தா என்னங்க கொறஞ்சு போயிருப்பீங்க?"

"உனக்கு அந்த விதி புரியாது" என்று தொடங்கி, அதை உதாரணத்தோடு விளக்கவும் செய்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாப் புரியுது" என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

முதலாளிக்கு அந்த விளக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. அதையே ஊழியர்கள் எல்லாருக்கும் வகுப்பாக எடுக்கச் சொன்னார். சவரம் செய்யாத முகத்தோடு அதிகாரி பலகைமுன் நின்று விதிகளை அடுக்கினார். முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த புது ஸ்டோர் மேனேஜர் கையைத் தூக்கினான்.

"அப்போ தனியா வந்தா எனக்கும் சின்ன எழுத்துதானா?"

"சேச்சே, உங்களுக்கு எப்படி வந்தாலும் பெருசுதான் சார்" என்றார் அதிகாரி.

எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.