ஐஸ் காணாது

நித்தியானந்தன் ஒரேயொரு வசனம் சொல்வதற்காகத்தான் ஜெர்மனியின் மேற்கே கெல்சென்கிர்ச்சனில் இருந்து கிழக்கே டிரெஸ்டனுக்கு ஆறு மணித்தியாலம் கார் ஓடி வந்திருந்தார். "தம்பி, இனி அங்கிள் எண்டு வேண்டாம், மாமா எண்டு கூப்பிடும்." அவ்வளவுதான், பத்துச் சொல் கூட இல்லை. ஆனால் இரண்டு வருடமாக மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்ற மனிதனுக்கு அது லேசில் வாயில் வந்துவிடுமா? சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் வரவில்லை. ஞாயிறு காலைத் தேத்தண்ணியிலும் வரவில்லை.

கதை இதுதான். டிரெஸ்டனுக்குப் படிக்கப் போன மகள் சிவானுஜா, அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த கோயம்புத்தூர்ப் பெடியன் ஒருவனை விரும்பிவிட்டாள். பெயர் சுவாமிநாதன். முப்பது வயதுப் பெடியனுக்கு இந்தக் காலத்தில் இப்படியொரு பெயரா என்று முதல் நாளே நித்தியானந்தன் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. குறை தேடித் தேடிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. குடி இல்லை, புகை இல்லை, தாய் தகப்பனுக்கு ஒரே பிள்ளை, மரியாதையான பெடியன். கடைசியில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"உந்தப் பெடியன் எங்களுக்குக் காணாது."

காணாது என்றால் யாழ்ப்பாணத்துப் பேச்சில் போதாது என்று அர்த்தம். எதிலே காணாது, எவ்வளவு காணாது என்று மனைவி கலாதேவி கேட்டாள். "காணாதெண்டால் காணாது!" என்றார். உள்ளுக்குள் இருந்தது வேறு. சண்டையில் எங்கள் சனம் பங்கருக்குள் கிடந்து செத்தபோது அவர்கள் இந்தியாவில் நிம்மதியாகக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற ஆத்திரம் அது. அந்த நேரம் பெடியனுக்கு வயது பதினைந்து கூட இருக்காது. அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

போன நவம்பரில் கலாதேவி படியில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். நித்தியானந்தனுக்குத் தொழிற்சாலையில் லீவு கொடுக்கவில்லை, சிவானுஜாவுக்குப் பரீட்சை. ஒருவரும் கூப்பிடாமலே சுவாமிநாதன் ரயிலேறி வந்து ஒன்பது நாள் நின்றான். ரசம் வைத்தான். கலாதேவியைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப்போனான். பத்தாம் நாள் நித்தியானந்தன் வேலையால் வந்து பார்த்தபோது பெடியன் போய்விட்டிருந்தான், அடுப்பு பளபளவென்று துடைத்திருந்தது. அன்றைக்கே அவர் மனம் இளகிவிட்டது. இளகியதை ஒத்துக்கொள்ள இன்னும் இரண்டு மாதம் போனது. சரியான வீம்புக்காரன்!

மீன் பிடிக்கப் போகும் யோசனை பெடியனுடையது. நித்தியானந்தனுக்கு மீன்பிடி என்றால் விசர். ஜெர்மன்காரன் பரீட்சை வைத்துக் கொடுக்கிற லைசென்ஸ் எடுத்து, இருபது வருடமாகக் கெல்சென்கிர்ச்சன் கால்வாயில் சாண்டர் பிடிக்கிறார். சாண்டர் என்பது கண்ணாடிக் கோலி போல வெளிறிய கண் உள்ள மீன், முள் குறைவு, சொதிக்கும் பொரியலுக்கும் ராசா. ஆனால் ஐஸில் துளை போட்டுப் பிடிக்கிற வித்தையை அவர் யூடியூபில் மட்டுந்தான் பார்த்திருந்தார். கால்வாய் உறையாதே! அந்த ஜனவரியில் பதினைந்து நாள் விடாமல் குளிர் அடித்தது. சுவாமிநாதன் வடக்கே ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு ஏரியைக் கண்டுபிடித்து, அவர் பெயரில் ஒருநாள் டிக்கெட் எடுத்து, கையால் முறுக்கித் துளைக்கிற போரர் ஒன்றும் பழையதாக வாங்கி வைத்திருந்தான்.

"நீங்கள் ரெண்டு பேருமாப் போங்கோ," என்றாள் சிவானுஜா. "நான் வந்தால் ரெண்டு பேரும் என்னோட மட்டுந்தான் கதைப்பியள்."

இருவருக்கும் முன்பின் தெரியாத ஏரி. கரையெல்லாம் பைன் மரம், நடுவெல்லாம் வெள்ளை. பனி கணுக்கால் உயரத்துக்கு விழுந்து மூடியிருந்ததால் ஐஸ் எங்கே, கரை எங்கே என்று பார்த்துச் சொல்ல ஏலாது. அவர்கள் சாமானை வழுக்குவண்டியில் ஏற்றும்போது ஒரு கிழட்டு ஜெர்மன்காரர் தன் தூண்டில்களைக் கட்டிக்கொண்டு கரையேறினார். இந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். பிறகு கையுறைக் கையால் தூரத்து நாணல் பக்கத்தைக் காட்டி, "அங்கே ஓடை வந்து விழுகிறது. அங்கே ரைஷ்ட் நிஷ்ட்," என்றார். அங்கே போதாது, ஆளைத் தாங்காது என்று அர்த்தம்.

சுவாமிநாதனுக்கு ஆங்கிலத்தில் ஆராய்ச்சி, ஜெர்மன் அரைகுறை. "என்ன சொல்றாரு அங்கிள்?" என்று கேட்டான்.

"அங்கால காணாதாம்," என்றார் நித்தியானந்தன்.

"ஓம், அங்கிள்!" என்றான் அவன் பல்லெல்லாம் தெரிய. அந்த ஓம் அவன் சிவானுஜாவிடம் பழகியது. எதற்கும் ஓம் சொல்வான், விளங்கினாலும் சொல்வான், விளங்காவிட்டாலும் சொல்வான். சொல்லிவிட்டோம், கேட்டுக்கொண்டான் என்று நித்தியானந்தன் வண்டியை இழுத்தார்.

கரையிலிருந்து அறுபது எழுபது அடி வைத்து முதல் துளை போட்டார்கள். எட்டு விரல் தடிப்பு. இரண்டாவதிலும் எட்டு விரல். அருமை! பெடியன் போரரை முறுக்கி முறுக்கி வியர்த்து, மூக்குக் கண்ணாடியில் புகை ஏறி நின்றான். லைசென்ஸ் இல்லாததால் அவன் தூண்டிலைத் தொடக்கூடாது. ஆகவே துளையில் சேருகிற ஐஸ் தூளைக் கரண்டியால் அள்ளி அள்ளிக் கொட்டினான். நித்தியானந்தன் சின்ன ஸ்டூலில் குந்தி, தூண்டிலை மெல்ல உயர்த்தி உயர்த்தி விட்டார். முதல் சாண்டர் மேலே வந்ததும் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் கணக்கு. மீனைத் தூக்கிக் கையில் கொடுத்து, மாமா எண்டு கூப்பிடும் என்று சொல்ல வேண்டும். போனில் படம் எடுக்க வேண்டும். கலாதேவிக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் போனது. மீன் அசையவில்லை. கால் மரத்து, முகம் சுண்டி, நித்தியானந்தனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெடியன் ஃபிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி வார்த்துக் கொடுத்துவிட்டுத் தனக்கும் வார்த்தான். இவர் சீனிப் போத்தலில் இருந்து அவன் கோப்பைக்குள் இரண்டு கரண்டி போட்டார்.

"சீனி காணுமோ தம்பி?"

சுவாமிநாதன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான். "எப்படிங்க அங்கிள் காணும்? கரைஞ்சு போச்சுங்களே!" என்று கடகடவென்று சிரித்தான்.

தன்னை நக்கலடிக்கிறான் என்றுதான் நித்தியானந்தன் நினைத்தார். ஒரு கணத்துக்குப் பிறகு, இல்லை, இவனுக்குச் சொல் விளங்கவில்லை என்று பிடிபட்டது. காணும் என்றால் போதும் என்று ஒரு வாய் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருமாகச் சிரித்திருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேட்கிறவனுக்கு எங்கள் பேச்சு தெரியாதா, கேட்டுப் படிக்கட்டுமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெடியனின் சிரிப்பு அப்படியே வாடியது.

"நான் ஏதாவது தப்பா சொல்லிட்டனுங்களா அங்கிள்?"

"ஒண்டுமில்லை. தேத்தண்ணியக் குடியும்."

பெடியன் பாவம், போனை எடுத்து ஏரியின் ஆழ வரைபடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தான். இந்த மனுசனுக்கு ஒரு மீனாவது அகப்பட வேண்டுமே என்ற தவிப்பு அவனுக்கு. "அந்தப் பக்கம் ஆழம் ஜாஸ்தியா காட்டுது அங்கிள், நான் பார்த்துட்டு வரேன்," என்றான். அந்த நேரம்தான் நித்தியானந்தனின் தூண்டில் நுனி லேசாகத் துடித்தது. அவர் காதில் வேறொன்றும் விழவில்லை. "ம்," என்றார்.

சாண்டரேதான்! ஒரு முறை இழுத்தது, நின்றது, பிறகு கனமாகக் கீழே போனது. விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, முழங்காலில் நின்று துளைக்குள் கையை விட்டு அள்ளி எடுத்தார். முழங்கை நீளம். பனியில் போட்டதும் படபடவென்று அடித்தது, கண் இரண்டும் வெளிச்சத்தில் வெளிறி மின்னின. நித்தியானந்தனுக்குச் சிறுபிள்ளை மாதிரிச் சந்தோசம். சொல்ல வேண்டிய வசனம் இப்போது தானாகவே நாக்கில் வந்து நின்றது. "தம்பி!" என்று திரும்பினார்.

பக்கத்தில் ஆள் இல்லை.

சுவாமிநாதன் நாணல் பக்கத்தில் நின்றான். நூற்றைம்பது அடிக்கு அப்பால், அந்த ஜெர்மன்காரர் கைகாட்டிய அதே இடத்தில், போனைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தான். நித்தியானந்தன் எழும்பினார், வழுக்கினார், மறுபடி எழும்பிக் கத்தினார்.

"தம்பீ! அங்கால ஐஸ் காணாது! காணாது!"

பெடியன் நின்று திரும்பினான். காதில் கையை வைத்தான்.

"காணாது! ஐஸ் காணாதடா!"

நில் என்று சொல்லியிருக்கலாம். வா என்று சொல்லியிருக்கலாம். கையைக் காட்டிக் கூப்பிட்டிருந்தாலும் ஓடி வந்திருப்பான். பதற்றத்தில் அவர் வாயில் அந்த ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. சுவாமிநாதனின் முகம் மலர்ந்ததை அவர் அவ்வளவு தூரத்திலும் கண்டார். மனுசன் தன்னிடம் ஏதோ கேட்கிறார் என்ற மலர்ச்சி அது.

"இருக்குங்க அங்கிள்!" என்று அவனும் கத்தினான். "ஸ்னோ மூடியிருக்கு, அதான் தெரியல! இதோ பாருங்க!"

சப்பாத்தால் பனியை வழித்துத் தள்ளினான். கீழே கருமையாக ஐஸ் தெரிந்தது. இதோ, இதோ என்று குதிக்காலால் இரண்டு தரம் ஓங்கி மிதித்துக் காட்டினான்.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. நின்றவன் இல்லை, அவ்வளவுதான். பிறகு கறுப்புத் தண்ணீரில் தலையும் இரண்டு கையும் வந்தன.

நித்தியானந்தன் வழுக்குவண்டியை இழுத்துக்கொண்டு ஓடினார். பாதி வழியில் காலுக்குக் கீழே ஐஸ் முனகியது. நெஞ்சோடு படுத்து, வண்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளித் தள்ளி ஊர்ந்தார். ஒரு கையால் போனை அமத்தி ஜெர்மனில் அலறினார். ஏரியின் பெயர் கூட அவருக்குச் சரியாக வாயில் வரவில்லை.

வண்டியின் நுனி அவனிடம் போய்ச் சேர்ந்தது. அவன் பிடித்தான். இவர் இழுத்தார். அவன் விளிம்பில் நெஞ்சை வைக்க, விளிம்பு உடைந்தது. மறுபடி பிடித்தான், மறுபடி உடைந்தது.

"அங்கிள்... கை மடங்கலைங்க..."

"பிடியும் தம்பி! வந்திட்டினம், சத்தம் கேக்குது, பிடியும்!" சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, பொய்தான் சொன்னார். பெடியனின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூக்குக் கண்ணாடி போய்விட்டது, கண் எங்கேயோ பார்த்தது. அப்போதுதான் நித்தியானந்தன் அந்த வசனத்தைச் சொன்னார். சொல்லவில்லை, கதறினார். "மாமா எண்டு கூப்பிடும்! இனி அங்கிள் இல்லை, மாமா! கூப்பிடும் தம்பி, ஒருக்காக் கூப்பிடும்!"

அவன் உதடு அசைந்தது. கூப்பிட்டானா, குளிரில் பல் கிட்டியதா என்று அவருக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. வண்டியின் விளிம்பில் இருந்து விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

தீயணைப்புக்காரர்கள் ஆளை எடுத்தபோது பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. குளிர்த் தண்ணீரில் போனவர்கள் சிலவேளை மீண்டு வருவார்கள், நம்பிக்கையை விடாதீர்கள் என்று ஒருவன் இவருக்குக் கம்பளி போர்த்திவிட்டான். அந்தச் சிலவேளையைப் பிடித்துக்கொண்டுதான் நித்தியானந்தன் ஆஸ்பத்திரி நடையில் மூன்று மணித்தியாலம் இருந்தார். நெஞ்சுப் பக்கம் உடுப்பு இன்னும் ஈரம். கையில் மீன் மணந்தது.

சிவானுஜா வந்தாள். அழவில்லை. முன்னால் வந்து நின்றாள்.

"அந்தப் பக்கம் போக வேண்டாம் எண்டு நீங்கள் அவருக்குச் சொல்லேல்லையா அப்பா?"

"சொன்னனான் பிள்ளை. தொண்டை கிழியக் கத்தினனான்."

"என்னண்டு?"

"ஐஸ் காணாது எண்டு."

மகள் அவரைப் பார்த்தாள். அந்தச் சொல்லை இரண்டு வருடமாகப் போனில் கேட்டவள் அவள். அவனிடம் அதை மொழிபெயர்த்துச் சொல்ல மனம் வராமல் ஒளித்து வைத்தவளும் அவள்தான்.

"அவருக்கு அது விளங்காதப்பா," என்றாள் மெதுவாக. "தெரியேல்லை எண்டு விளங்கியிருப்பார். அவையள் போதாது எண்டுதான் சொல்லுவினம்."

நித்தியானந்தனின் கண்ணுக்குள் சீனி கரைஞ்சு போச்சுங்களே என்று சிரித்த முகம் வந்து நின்றது. ஐயோ, அப்போது ஒரு வாய் சொல்லியிருந்தால்!

கதவு திறந்து டாக்டர் வந்தார். வயதில் சின்னப் பெண். தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கியபடி, தங்களால் ஆனதெல்லாம் செய்தோம் என்று ஜெர்மனில் சொன்னார். பிறகு ஏரிக்கரையில் கிழவர் சொன்ன அதே சொல்லைத் தானும் சொன்னார், "நிஷ்ட் கெரைஷ்ட்." சிவானுஜா சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் இருந்துவிட்டாள்.

நித்தியானந்தனின் போன் அடித்தது. கெல்சென்கிர்ச்சனில் இருந்து கலாதேவி. விசயம் கேட்ட நேரத்திலிருந்து பூசையறையில் விளக்கை அணையவிடாமல் இருக்கிறவள்.

"இஞ்சேருங்கோ, டொக்டர் என்ன சொல்லுறா? ஏன் பேசாமல் நிக்கிறியள்? என்னவாம் சொல்லுறா?"

டாக்டர் சொன்னதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரே சொல்தான் உண்டு. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நித்தியானந்தன் பல்லைக் கடித்து அதை விழுங்கினார்.

"போதாதாம், கலா."

"என்னது? வடிவாச் சொல்லுங்கோவன்!"

"போதாதாம்," என்றார் மறுபடியும். அறுபது வயதில், அந்தச் சொல்லை அவர் வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.