ஆதிகேசவன் ஹாஜர்

ஓட்டல் வராந்தாவில் நாற்காலி காலியாக இருந்தும் செண்பகம் நின்றுகொண்டே இருந்தாள். எதிரே கயிற்றில் ஒரு ராணுவ உடுப்பு வெயிலில் காய்ந்தது. மடிப்புக் கலையாமல் இருக்கச் சட்டையைத் தனியாகவும் கால்சட்டையைத் தனியாகவும் மாட்டியிருந்தார்கள். இடது பைக்கு மேலே விரல் அகலத்துக்கு ஒரு ரிப்பன். கருநீலத்தில் ஆரஞ்சுக் கோடுகள், நடுவில் சிவப்பு. உலக யுத்தத்தில் பர்மா முனைக்குப் போய் வந்தவர்கள் குத்திக்கொள்வது. அவளும் போய் வந்தவள்தான். தனக்கும் ஒன்று கேட்கலாம் என்று யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

உள்ளே நடிகர் ஆதிகேசவனுக்குத் தலைக்கு மை போட்டுக்கொண்டிருந்தார்கள். சீனச் சண்டை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பாதுகாப்பு நிதிக்காக ஊர் ஊராகக் கலை நிகழ்ச்சி நடத்திவந்தவர், இன்று மாலை கண்டோன்மென்ட் மைதானத்தில் மேடையேறுகிறார். காலை பத்து மணிக்குப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இப்போது பதினொன்றரை.

அவள் கையிலிருந்த காக்கி உறையில் ஒரே ஒரு தாள். முன்னாள் படைவீரர் சங்கத்துக் குமாஸ்தா சந்தானம் டைப் அடித்துக் கொடுத்தது. பழைய சிப்பாய்களுக்காகச் சங்கம் ஆனேக்கல் ரோட்டில் ஒரு ராகிக் கொல்லையை வாங்கி மனை பிரித்திருந்தது. அதில் நாலு மனை, பட்டாளத்தோடு முனைக்குப் போன சிவில் ஆட்களுக்கு. சமையல்காரர், நாவிதர், கூத்தாடி யாரானாலும் சரி, போனதற்கு அத்தாட்சி வேண்டும். பெயர்ப் பட்டியல் வைத்திருந்த பட்டாளத்து ஆபீஸ் வெள்ளைக்காரனோடு போய்விட்டது; செண்பகத்திடம் இருந்தது ஒரு போட்டோ. அதிலும் முகங்கள் இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது.

"யாரு வோணா வந்து நானும் பர்மாவுக்குப் போனேன்னு சொல்லலாம்மா," என்றார் சந்தானம். "கமிட்டில கேப்பாங்க. கூடப் போன பெரிய மனுசன் ஒருத்தரு கையெழுத்துப் போட்டா வாயத் தொறக்க மாட்டாங்க. அவரே ஞாயித்துக்கெழம வராரு. வுடாத."

அவள் பஸ் ஏறிப் போய் மனையைப் பார்த்துவிட்டும் வந்திருந்தாள். முப்பத்தேழு என்று சுண்ணாம்பில் எழுதிய கல். அதன் மேல் உட்கார்ந்து அடுப்பு எந்த மூலையில் வரும், வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் திரும்புகிற பஸ் போய்விட்டது. நீலசந்திராவில் இது அவளுக்கு நாலாவது வாடகை அறை. வீட்டுக்காரி சந்திரம்மா கெட்டவள் இல்லை; காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள். ஆனால் மகளுக்கு வரன் பார்க்கிறாள். யுகாதிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாள். "மாப்ள வூட்டுக்காரங்க பக்கத்து ரூம்ல யாருன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? சோல்ஜருங்களுக்கு ஆடப் போன பொம்பளன்னா?" என்றாள். அதைக்கூடக் குரலை இறக்கித்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்துப் பதினேழு வருஷம் ஆகியும் செண்பகத்துக்கு அந்தப் பெயர்தான் நின்றது.

ஆடப் போன கூட்டம் என்னவோ பத்துப் பேர். நாற்பத்தைந்து ஜனவரியில் கல்கத்தாவரை சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். ராஜபார்ட் ஆதிகேசவன். ஆர்மோனியம் முனியப்பன், தங்கவயலில் சுரங்க வேலையை விட்டு வந்தவன். லாரி புறப்படுகிற காலையில் ஆதிகேசவன் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டார். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடே இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார். ஒன்பது பேருக்குப் பாஸ் வந்திருந்தது, முனியப்பன் பெயர் அதில் இல்லை. ஆர்மோனியத்துக்கு அங்கேயே ஆள் இருக்கிறது என்று அவனைத் திருப்பி அனுப்புவதாக இருந்தது. குழுத் தலைவர் யோசிக்கவே இல்லை. ஆதிகேசவன் பாஸை எடுத்து முனியப்பன் பையில் செருகினார்.

அதன்பிறகு ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் மிலிடரி போலீஸ் பட்டியலைப் படிப்பான். "ஆதிகேசவன்" என்றதும் முனியப்பன் லாரியிலிருந்து எட்டிப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்தி, "ஹாஜர் சாப்" என்பான். பிறகு செண்பகத்தைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவான். பர்மா எல்லையில், தாமுவுக்கு அப்பால் ஒரு முகாமில் பாதி நாடகத்தில் ஜெனரேட்டர் நின்றுபோனது. விளக்குப் போட்டால் குண்டு விழும் என்றார்கள். அந்த இருட்டில் அவன் ஆர்மோனியம் இல்லாமல் ஒரு மணி நேரம் பாடினான். மெட்ராஸ் பட்டாளத்து ஆட்கள் நானூறு பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் நாள் திரும்பி வருகிற வழியில் லாரி பள்ளத்தில் சரிந்தது. இன்னொருவன் பாஸில் வந்தவன் செத்தான் என்றால் எல்லோருக்கும் சிறை என்று தலைவர் பயந்தார். கூலியாள் என்று எழுதி ரோட்டோரம் புதைத்தார்கள். காகிதத்தில் ஆதிகேசவன் போனார், ஆதிகேசவன் திரும்பி வந்தார். முனியப்பன் கல்கத்தாவோடு நின்றுபோனான்.

அவன் அவளுக்கு என்ன முறை என்று கேட்டால் சொல்ல ஒரு சொல் கிடையாது. ஊர் திரும்பியதும் ஒன்று பேசலாம் என்று சொல்லியிருந்தான், அவ்வளவுதான். தங்கவயலில் அவன் அக்கா லட்சுமம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். "பட்டாளத்து ஆபீஸ்ல எழுதிக் கேட்டேன். ஒன் பேரு இருக்குது, அந்தக் கேசவன் பேரு இருக்குது. எந் தம்பி பேரு எங்க?" என்று கேட்டாள் அவள். கல்கத்தாவில் எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்பதுதான் இன்றுவரை அந்தக் குடும்பத்தின் பேச்சு.

ஆள் வந்து கூப்பிட்டான்.

ஆதிகேசவன் தோளில் துண்டோடு எழுந்து நின்றே வரவேற்றார். உடம்பு போட்டிருந்தது. கண் மட்டும் பழைய கண். நாற்காலியில் உட்காரச் சொன்னார், காப்பி கொண்டுவரச் சொன்னார், மற்றவர்களை வெளியே அனுப்பினார். தாளை இரண்டு முறை படித்தார். பர்மா முனையில் என்னோடு பணியாற்றினார் என்று அதில் இருந்தது.

"இதுக்கா இவ்ளோ நேரம் நின்ன? தாராளமா போடறேன்," என்றார். "மேடையிலயே போடறேன், செண்பகம். எல்லாருக்கும் முன்னால. ஒனக்கும் கௌரவம்."

அவள் காப்பியைத் தொடவில்லை. "முனியப்பன் பேர ஒரு தரம் சொல்றீங்களா? மேடையில. அவுங்க அக்கா இன்னும் உசுரோட இருக்குது. பேப்பர்ல வரும்."

அவர் கோபிக்கவில்லை. துண்டால் காதோரத்து மையைத் துடைத்தார். மெதுவாகத்தான் பேசினார். "அவன நெனைக்காத நாளில்ல. ஆனா யோசிச்சுப் பாரு. அவன் பேர எடுத்தா பாஸ் பொய்னு ஆவும். நானே போகலன்னா, நீ என்கூட வந்தேன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. மனை வேண்டும் என்றால் அவர் பர்மாவுக்குப் போனவராகவே இருக்க வேண்டும்.

மாலை நாலு மணிக்கு மைதானம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில், ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து நீலச் சட்டையோடு கூட்டிவந்த சிப்பாய்களை உட்கார வைத்திருந்தார்கள். பனியில் விரல் போனவர்கள். சிலருக்குக் கால், சிலருக்குக் கை, பெரிய பஞ்சு உருண்டைகளாகக் கட்டுப் போட்டிருந்தது. எல்லோரும் இளைஞர்கள். செண்பகத்தை மேடையின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். கீழே ஐந்தாவது வரிசையிலிருந்து சந்தானம் கையாட்டினார்.

ஆதிகேசவன் உடுப்போடு வந்து சல்யூட் அடித்தார். மைதானம் எழுந்து நின்றது. முதலில் நாட்டைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தணித்து, தாமுவுக்கு அப்பால் ஒரு முகாம் என்று ஆரம்பித்தார். ஜெனரேட்டர் நின்றது. விளக்குப் போட்டால் குண்டு விழும். அந்த இருட்டில் ஆர்மோனியம் இல்லாமல் தான் பாடிய ஒரு மணி நேரம். நானூறு பேர், மூச்சு விடவில்லை.

செண்பகம் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இது அவர் எங்கும் படித்ததல்ல. கல்கத்தா ஆஸ்பத்திரியில், அவர் கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அழுது அழுது அவள்தான் இதைச் சொன்னாள். அப்போது அவரும் அழுதார்.

"அந்த ராத்திரிக்குச் சாட்சி இதோ இருக்காங்க," என்றார் ஆதிகேசவன். "நான் சொன்னது நெசந்தானா, செண்பகம்?"

மைக்கை யாரோ அவள் வாயருகே கொண்டுவந்தார்கள். முன்வரிசையில் ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். அவள் பதிலுக்காக அவன் உண்மையிலேயே காத்திருந்தான். முப்பத்தேழாம் நம்பர் கல் வெயிலில் எப்படிச் சுட்டது என்று ஏனோ அவளுக்கு நினைவு வந்தது.

"ஆமாங்க," என்றாள்.

ஒலிபெருக்கி அதை மைதானத்தின் நாலு மூலைக்கும் கொண்டுபோனது.

கைதட்டலுக்கு நடுவே அவர் தாளை வாங்கினார். வைத்து எழுத மேடையில் மேஜை இல்லை. போட்டோக்காரர்கள் நெருங்கினார்கள். "கொஞ்சம் குனி," என்று காதோரம் சொல்லி, அவள் முதுகில் தாளை விரித்துப் பேனாவை அழுத்தினார். ரவிக்கையைத் தாண்டி ஒவ்வொரு எழுத்தும் தோலில் இறங்கியது. ஆ. தி. கே. முன்பெல்லாம் அந்தப் பெயரைப் படித்தவுடன் லாரியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும். குனிந்த வாக்கில் அவளுக்கு முன்வரிசை மட்டும் தெரிந்தது. அந்தப் பையன் பஞ்சுக் கைகளை ஒன்றோடொன்று விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். அதிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.