நாலு சக்கரமும் தரையில்

எங்கள் ஊரில் எஞ்சின் சூடேறினால் கார் மேலே எழும்பும். புதுக் கார்கள் எழும்புவதில்லை. இருபது வருஷம் தாண்டியவை எழும்பும். சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் முதலில் முன்சக்கரம் இரண்டும் தரையை விடும், பிறகு பின்சக்கரம். அதற்காக எல்லோரும் சீட்டுக்கு அடியில் இருபது முழம் கயிறு வைத்திருப்போம். நுனியைக் கீழே வீசினால் தெருவில் போகிறவர் யாராவது பிடித்துக் கம்பத்தில் கட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார்.

என்னுடையது எண்பத்தேழாம் வருஷத்துக் கார். சந்தன நிறம். நான் சங்ககிரியில் லாரி எடைமேடையில் இரவு வேலை பார்க்கிறேன். பகலில் தூங்கி எழுந்து மூன்று மணிக்கு அதை எடுத்தால் சந்தை தாண்டுவதற்குள் எழும்பிவிடும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் மனைவி சுலோச்சனாவுக்குத்தான் உயரம் ஆகாது. பரணிலிருந்து அண்டாவை எடுக்க ஸ்டூலில் ஏறினால்கூடக் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஆவணியில் அவள் அண்ணன் பேத்திக்கு மேட்டூரில் காதுகுத்து. நாங்கள் போகும் வழியில் எழும்பி, மதியம் முழுவதும் காவிரிக்கு மேலே நின்றுவிட்டோம். அங்கிருந்து பந்தி தெரிந்தது. இலையில் பாயசம் ஊற்றுவதுகூடத் தெரிந்தது. சுலோச்சனா ஒன்றையும் பார்க்கவில்லை. சாயங்காலம் இறங்கியதும் அண்ணன் வீட்டுக்குள் போனவள் வெளியே வரவில்லை.

பத்து நாள் கழித்துப் போன் செய்தாள். அங்கே ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலை கிடைத்திருக்கிறதாம். திங்கட்கிழமை சேர வேண்டும். சேர்ந்தால் அங்கேயே தங்க வேண்டும்.

"நான் பஸ்ஸில் வந்து கூட்டிக்கிட்டு வரட்டுமா?" என்றேன்.

"பஸ்ஸுன்னா நானே வந்திருக்க மாட்டேனுங்களா? ஊர் லாரிக்கெல்லாம் எடை போடறீங்க. நம்ம காருக்கு எடையே இல்ல. ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள அந்தக் காருலயே வாங்க. நாலு சக்கரமும் தரையில இருக்கோணும். எண்ணிப் பாப்பேன். மூணு இருந்தாலும் வரமாட்டேன்."

சனிக்கிழமை மெக்கானிக் அர்த்தநாரியைக் கூப்பிட்டேன். பத்தடி மூங்கில் கழி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு மொபெட்டில் வந்தார். கழியில் சாணுக்கு ஒரு சிவப்புக் கோடு இருந்தது.

"தரையில வெச்சு வைத்தியம் பாக்கறவன் மெக்கானிக் இல்லீங்கண்ணா. ஸ்டார்ட் பண்ணுங்க. எங்க போய் நிக்குதுன்னு பாத்தாத்தான் வியாதி தெரியும்."

இரண்டு பேரும் ஏறிக்கொண்டோம். போகப் போக அவர் விளக்கிக்கொண்டே வந்தார். முழங்கால் உயரத்தில் நின்றால் தண்ணீர் குறைவு. இடுப்பு உயரம் என்றால் ஃபேன் பெல்ட் தொய்வு. ஆள் உயரம், ரேடியேட்டரில் அடைப்பு. மாடி உயரத்துக்கு வாட்டர் பம்போ தெர்மோஸ்டாட்டோ காரணம்.

"அதுக்கும் மேல போனா?"

"ஹெட் கேஸ்கெட். அவங்க போய்ச் சேர்ந்த ஊர்லருந்து லெட்டர் போடுவாங்க."

நாங்கள் மாடி உயரத்தில் நின்றோம். மாடிவீட்டு ரஹமத்தக்கா பால்கனியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கயிற்றை வாங்கிக் கிராதியில் கட்டினார். உள்ளே போய் இரண்டு டீயோடு வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். டீ குடித்ததும் கார் இன்னும் கொஞ்சம் ஏறியது. அர்த்தநாரி கழியைக் கிராதியோடு சேர்த்துப் பிடித்து அளந்தார்.

"டீக்கு நாலு விரல் கழிச்சுக்கோணும்," என்றார்.

கழித்துக்கொண்டோம். அவர் முன் பம்பரில் இறங்கி நின்று, பானெட்டைத் திறந்து, மேலே உள்ள ரப்பர் ஓஸைத் தொட்டார். "கொதிக்குது." கீழே உள்ள ஓஸைத் தொட்டார். "இது பச்சத் தண்ணியாட்டம் இருக்குது. அப்ப நடுவுல கதவு சாத்திக் கிடக்குது. தெர்மோஸ்டாட்தான், சந்தேகமே வேண்டாம்."

ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க நானும் எட்டி மூடியைத் திருகப் போனேன். கையில் ஒரு போடு போட்டார்.

"சூட்டுல மூடியத் தொறக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? ஈரோட்டுக்காரர் ஒருத்தர் மேல நிக்கறப்பத் தொறந்தாரு. இப்ப அவர் காரு ரெண்டடி உசரம். படுத்துக்கிட்டு ஓட்டறாரு."

ஆறும்வரை காத்திருந்தோம். தரைக்கு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அர்த்தநாரி தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். உள்ளங்கையில் அடங்கும் பித்தளைச் சாமான்; நடுவில் ஒரு சின்னக் கதவு. தண்ணீர் சூடானால் அந்தக் கதவு தானாகத் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிட வேண்டும். ரஹமத்தக்கா அடுப்பில் வைத்திருந்த டீப் பாத்திரத்தில் அதைப் போட்டுப் பார்த்தோம். கொதித்தது. அக்கா இஞ்சி தட்டிப் போட்டார். அப்போதும் திறக்கவில்லை.

"பிடிவாதம்," என்றார் அர்த்தநாரி. "புதுசு கோயமுத்தூர்லருந்து வரோணும். புதன்கிழமை ஆகும்."

"இதை எடுத்துட்டு அப்படியே ஓட்டினா?"

"நம்ம பக்கம் எல்லாரும் அதத்தான் செய்யறாங்க. எஞ்சின் சூடே ஏறாதுங்க. சூடு ஏறாத காரு கீழ எறங்கும். எடப்பாடி ரோட்டுல பானெட் மட்டும் தெரியற காரு ஒண்ணு இருக்குதே, பாத்ததில்லீங்களா? அதும்மேலதான் ஒரு அம்மா பூ விக்குது."

பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவிடம் மல்லிகைகூட வாங்கியிருக்கிறேன்.

அர்த்தநாரி பழைய தெர்மோஸ்டாட்டையே திரும்ப மாட்டினார். பிறகு காருக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஹீட்டர் இருக்குதே!"

முதல் சொந்தக்காரர் ஊட்டிக்காரர். அதற்குப் பிறகு யாரும் அந்தக் குமிழைத் தொட்டதில்லை.

"ஃபுல்லா வெச்சு ஓட்டுங்க. எஞ்சின் சூட்ட நீங்க உள்ள வாங்கிக்கிட்டா காரு எழும்பாது."

"நான் வாங்கிக்கிட்ட சூடு?"

"நான் கார் மெக்கானிக்குங்கண்ணா," என்று சொல்லிவிட்டுக் கழியோடு கிளம்பினார்.

ஞாயிறு மதியம் ஹீட்டரை முழுவதும் திருகிவிட்டுப் புறப்பட்டேன். முள் சிவப்புக் கோடு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது. கார் சாலையை விடவில்லை. பத்தாவது கிலோமீட்டரில் சீட்டுக்கும் எனக்கும் நடுவே காற்று வந்தது. எடப்பாடியில் என் முதுகு கூரையில் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்தபடி ஸ்டியரிங்கைப் பிடிப்பது சுலபமாகத்தான் இருந்தது. கால்தான் எட்டவில்லை. கதவோரம் இருந்த குடையை எடுத்து ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் அதே குடைதான். பூ விற்கும் அம்மா கையாட்டினார். மேட்டூர் வரைக்கும் நான் பாடிக்கொண்டே போனேன் என்று நினைக்கிறேன்.

சுலோச்சனா வாசலில் நின்றிருந்தாள். விரலை நீட்டி எண்ணினாள். காரைச் சுற்றி வந்து நாலாவதையும் எண்ணினாள். வீட்டுக்குள் போய்க் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து வந்து ஒவ்வொரு டயருக்கு அடியிலும் நுழைத்துப் பார்த்தாள். எங்கும் நுழையவில்லை. அப்புறம்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மேல என்ன பண்றீங்க?"

"ஹீட்டர் போட்டிருக்கு."

"இருங்க. பைய எடுத்துக்கிட்டு வரேன்."

அவள் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என்ன மாப்ள, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போலாமில்ல?" என்றார். இறங்கினால் நிற்க மாட்டேன் என்றேன். ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஜன்னலில் கொடுத்தார். அது சீட்டிலேயே கிடந்தது.

பாதி வழியில் சுலோச்சனாவும் கூரையில் என் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். கண்ணை இறுக்க மூடியிருந்தாள். இரண்டு பேருக்கும் வேர்வை கொட்டியது.

"இது உசரத்துல சேத்திங்களா?" என்றாள்.

"காருக்குள்ளேதானே இருக்கோம்."

ஒரு கண்ணைத் திறந்தாள். "இந்தக் குமிழ இன்னும் திருக முடியுமா?"

வீட்டு வாசலில் குடைக் கம்பியால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். கயிற்றின் ஒரு நுனியைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறு நுனியை எங்கள் இடுப்பில் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தோம். சாவகாசமாக மேலே போனோம். சுலோச்சனாவின் புடவை நிறையக் காற்று இருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பால்கனியில் ரஹமத்தக்கா மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தார்.

"வா சுலோ. இப்பத்தான் வரியா?"

"ஆமாங்க்கா. அந்த வார்டன் வேலைக்கு வரலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அக்கா டீ எடுக்க உள்ளே போனார். சுலோச்சனா குனிந்து கீழே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணை மூடிக்கலையா?" என்றேன்.

"எதுக்கு? நாலும் தரையிலதான இருக்குது."

டீ வந்தது. நல்ல சூடு. ஒவ்வொரு மடக்குக்கும் நாலு விரல் ஏறினோம். அர்த்தநாரி ஒரு டீக்கு நாலு விரல் என்றது காரையும் சேர்த்து. பாதித் தம்ளரில் தென்னங்குருத்து எங்களுக்குக் கீழே போனது.

"சர்க்கரை போதுமாடீ?" என்று ரஹமத்தக்கா கீழேயிருந்து கத்தினார்.

"இன்னும் ஒரு தம்ளர் வேணுங்க்கா," என்று சுலோச்சனா குரல் கொடுத்தாள்.