மறுபக்கத்து லூயிஸ்

“அது பேனாவால எழுதினது இல்ல, டாக்டரம்மா. காகிதம் தானா எழுதிக்கிட்டது” என்றார் பிளாஸ், காப்பகத்தில் பழைய பிரதிகளைப் பார்த்துக்கொள்பவர்.

இன்னொரு முறை காட்டச் சொன்னேன். அவர் தாளுக்கு அடியில் ஒளிப்பலகையை நகர்த்தி விளக்கைப் போட்டார். முன்னூற்று எண்பது வருடத்துத் தாள் வெங்காயத் தோல்போல் ஒளிர்ந்தது. இடது ஓரத்தில், கட்டம் கட்டி நீக்கிய வரிகளுக்குப் பக்கத்தில், எனக்கு நன்றாகப் பழகிய அந்த இரண்டு எழுத்து. எஸ், ஐ. ‘ஸி’. ஸ்பானிய மொழியில் ‘ஆம்’.

பிளாஸ் தாளைப் புரட்டினார். மறுபக்கத்தில், அதே இடத்தில், ஒரு நடிகன் எப்போது மேடைக்கு வர வேண்டும் என்ற குறிப்பு. ‘வருகிறான் லூயிஸ்.’ எழுதியவன் பெயரை முடிப்பதற்குள் பேனாவை மறுபடி மையில் தோய்த்திருக்கிறான். கடைசி இரண்டு எழுத்தும் காகிதத்துக்குள் ஊறி இந்தப் பக்கம் வந்துவிட்டன. அங்கே ஐ, எஸ். இங்கே இடவலம் மாறி எஸ், ஐ.

“முதல் ரெண்டு எழுத்து ஊறலையா?” என்று கேட்டேன்.

“ஊறியிருக்கு, கொஞ்சமா. இந்தப் பக்கம் கட்டம் போட்ட கோட்டுக்கு அடியில மறைஞ்சு கிடக்கு. மைக்ரோஃபிலிம் படச்சுருள்ல இதெல்லாம் தெரியாது. படச்சுருள்ல எல்லாமே கறுப்புதான்.”

பிறகு அவர் விளக்கை அணைத்துவிட்டு, பதினொரு மணி ஆகிவிட்டது, காபிக்குப் போகலாமா என்று கேட்டார். போனேன். காபியைக் குடித்தேன். அவர் தன் மகளின் ஓட்டுநர் தேர்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சரியான இடங்களில் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன்னால், இதே காப்பகத்தின் படச்சுருள் அறையில்தான் என் கணவன் கஸ்பார் அந்த எழுத்தைக் கண்டுபிடித்தான். மூலப் பிரதி அப்போது பழுதுபார்ப்புக்கு மத்ரித் போயிருந்தது. அது நாடகக் குழு ஒன்று ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிந்த பிரதி. குழுத் தலைவன் தனக்கு வேண்டாத பகுதியைக் கட்டம் கட்டிப் பக்கத்தில் ‘நோ’ என்று எழுதுவான். பிறகு மனம் மாறினால் அதன் மேலே ‘ஸி’ என்று எழுதுவான். அவ்வளவுதான் அவர்களுடைய முறை. எங்கள் நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் ஒரு பெண், புருஷனின் பிணத்துக்கு முன்னால் நின்று நாற்பத்தொரு வரி பேசுகிறாள். அந்த நாற்பத்தொரு வரிக்கும் கட்டம் கட்டியிருந்தது. ‘நோ.’ அதை விட்டுவிட்டால் அந்தக் காட்சியில் அவள் செய்வதெல்லாம் ஒன்றே ஒன்று. பிணத்தைத் துணியால் மூடிவிட்டு உள்ளே போகிறாள்.

“காசில்டா, ஸி போட்டிருக்கான்! அவ பேசியிருக்கா!” என்று கஸ்பார் அறையின் அந்தக் கோடியிலிருந்து என்னைப் பார்த்துக் கத்தினான். படித்துக்கொண்டிருந்த ஒரு பாதிரியார் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. சந்தேகமான எழுத்தை இருவர் படிக்க வேண்டும். முதல் ஆள் என்ன படித்தார் என்பது இரண்டாம் ஆளுக்குத் தெரியக் கூடாது. நான்தான் இரண்டாம் ஆள். எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். ‘ஸி’ என்று காதில் விழுந்த பிறகு பார்த்தேன். ‘ஸி’ இருந்தது. படியெடுத்த தாளின் ஓரத்தில் அவனுடைய முதலெழுத்துக்குக் கீழே என் முதலெழுத்தைப் போட்டேன்.

அந்த ஒரு சொல்லின் மேல்தான் அவன் புத்தகத்தைக் கட்டினான். அந்த நாற்பத்தொரு வரி மேடையில் பேசப்பட்டது, எங்கள் ஊர்ச் சதுக்கத்து முற்ற அரங்கிலேயே பேசப்பட்டிருக்கலாம் என்று நூற்று இருபது பக்கம் எழுதினான். பிப்ரவரியில், குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தவன் கீழே விழுந்தான். அவ்வளவுதான். நாற்பத்தாறு வயது.

சவ அறையின் கண்ணாடிக்கு வெளியே நான் நின்றேன். வரிசையாக வந்தவர்கள் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்கள். கல்லூரியிலிருந்து வந்த மலர் வளையத்தின் நாடாவில் அவன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பதிப்பில் பிழையைத் திருத்தாமல் விடும்போது போடுவதுபோல், ‘மூலத்தில் உள்ளபடி’ என்று மனதுக்குள் அடைப்புக்குறி போட்டேன். அன்று முழுவதும் எனக்கு ஓடிய ஒரே எண்ணம் அதுதான். ஏதாவது பேசச் சொன்னார்கள். பேசவில்லை.

அவன் புத்தகத்தின் அச்சுப் படிகளைப் பதிப்பகம் எனக்கு அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். ‘ஸி’ உள்ள பிரதிப் பக்கத்தின் வண்ணப் படம் ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள். மூலப் பிரதி போன வாரம்தான் திரும்பி வந்தது. அதனால்தான் பிளாஸிடம் போனேன். படத்துக்காக.

காபிக் கடையிலிருந்து வரும்போது பிளாஸ் தயங்கித் தயங்கி, அட்டவணைக் குறிப்பில் தான் இதை எழுதித்தான் ஆக வேண்டும், ஆனால் இந்த வாரமே எழுத வேண்டும் என்றில்லை என்று சொன்னார். நன்றி சொன்னேன். எனக்குள் ஏதாவது வரும் என்று அரங்கு வரைக்கும் நடந்துகொண்டே காத்திருந்தேன். பல் மருத்துவர் ஊசி போட்ட கன்னத்தை நாமே கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது. கிள்ளுவது தெரிகிறது. கன்னம் தெரியவில்லை.

அரங்கில் ஒத்திகைக்கு இடைவேளை விட்டிருந்தார்கள். அமாயா மேடையின் விளிம்பில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, புட்டியிலிருந்து ஊறுகாய்க் கத்தரிக்காயைக் குச்சியால் குத்தித் தின்றுகொண்டிருந்தாள். அவள் கஸ்பாரின் தங்கை. ஜூலை நாடக விழாவில் அந்தப் பெண்ணாக நடிக்கப்போகிறவளும் அவள்தான். இயக்குநருக்கு நாடகம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்த நாற்பத்தொரு வரியைக் கஸ்பாரின் ஆராய்ச்சிக்காகத்தான் விட்டுவைத்திருந்தார்.

“வாங்க அண்ணி. இப்படி மெலிஞ்சுபோனா அடுத்த பிணம் நீங்கதான்னு உங்களையே படுக்க வெச்சிருவாங்க” என்றாள். “எங்க பிணம் சரியில்ல. தும்முறான்.”

பின்னால், துணியைப் போர்த்திக்கொண்டு கிடந்த நடிகன் கையை மட்டும் தூக்கி ஆட்டினான். பிறகு எழுந்து சிகரெட் பிடிக்க வெளியே போனான்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். ஒளிப்பலகை, லூயிஸ், மை. அவளுக்கு முதலில் புரியவில்லை. அச்சுப் படியின் பின்புறத்தில் பேனாவை அழுத்தி லூயிஸ் என்று எழுதி, வெயிலில் தூக்கிக் காட்டினேன். தாளின் மறுபக்கமிருந்து அவள் பார்த்தாள். புட்டியைக் கீழே வைத்தாள்.

“அப்ப அவ பேசலையா?”

“பேசலை.”

“ஒரு நாளும்?”

“அந்தக் குழுவில இல்லை. வேற குழு பண்ணியிருந்தா நமக்குத் தெரியாது.”

அவள் புட்டியின் மூடியைத் திருகி மூடினாள். அந்த வரிகளை மனப்பாடம் செய்ய மார்ச் முழுவதும் ஆனது என்று பிறகு சொன்னாள். பேருந்தில் சொல்லிப் பார்த்தாளாம், பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தாளாம். பதினெட்டாவது வரிக்கு வரும்போதெல்லாம் அழுகை வந்துவிடும், இப்போதுதான் அழாமல் சொல்ல வருகிறது என்றாள். சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்கு அந்தப் பதினெட்டாவது வரி எது என்று தெரியும். அதிலுள்ள சுருக்கக் குறியை விரித்து எழுதியது நான்தான்.

“இயக்குநருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வெட்டிருவார்” என்றாள்.

“ஆமா.”

“புத்தகம்?”

மூன்றாவது அத்தியாயத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்றேன். அதை எடுத்தால் மற்றதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது என்றும் சொன்னேன்.

“அண்ணன் வாழ்க்கையில கண்டுபிடிச்சது அது ஒண்ணுதான் அண்ணி.”

“தெரியும்.”

“உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா? என்னமோ கடைச் சாமான் பட்டியல் படிக்கிற மாதிரி சொல்றீங்க.”

இதைக் கோபமாக அவள் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினாள். அதனால் நானும் யோசித்துப் பார்த்தேன். அவன் தப்பு என்று தோன்றவில்லை. அவன் கத்தினான், நான் கேட்டேன். தப்பு காதில் நடந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஓரத்தில் என் முதலெழுத்தும் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். வினிகர் வாடை அடித்தது.

“வேற யாருக்குத் தெரியும்?”

“பிளாஸுக்கு. அவர் இப்போதைக்கு எழுத மாட்டார்.”

“அப்ப நீங்களும் பார்க்கலைன்னு வெச்சுக்கோங்களேன். வெள்ளிக்கிழமை வரைக்கும். கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு, அப்புறமா பாருங்க. நானும் ஜூலை முடியிற வரைக்கும் பேசிட்டுப் போறேன். யாருக்கு என்ன நஷ்டம்?”

நடிகன் திரும்பி வந்து, மேடை நடுவில் மறுபடி நீட்டிப் படுத்தான். யாரோ அவன் மேல் துணியைக் கழுத்து வரை இழுத்துவிட்டார்கள். முகம் திறந்தே இருந்தது. இயக்குநர் இன்னும் வரவில்லை. மேல் மாடத்தின் மரக்கைப்பிடியில் ஒரு புறா நடந்துகொண்டிருந்தது.

எனக்கு அந்தக் கட்டம் ஞாபகம் வந்தது. கோணலில்லாத நான்கு கோடு. பக்கத்தில் சின்னதாக ஒரு ‘நோ’. அதை எழுதியவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அவள் துணியை எடுக்கிறாள், மூடுகிறாள், போகிறாள். எத்தனை அடி எடுத்து வைத்திருப்பாள், திரும்பிப் பார்த்திருப்பாளா, எங்கள் குறிப்புகள் எதிலும் இல்லை. நானூறு பேர் இந்த முற்றத்திலேயே அதைப் பார்த்திருக்கலாம்.

அமாயா இன்னும் என் மணிக்கட்டை விடவில்லை.

“அமாயா,” என்றேன், “இயக்குநர் வர்றதுக்குள்ள ஒரே ஒரு தடவை பேசாம செஞ்சு காட்டேன். துணியால மூடிட்டு, சும்மா உள்ள போ. நான் பார்க்கணும்.”